சின்னக் கடைக்கு மார்க்கெட்டிங் திட்டம் போடுவது எப்படி: சாட்ஸ்வர்த் மசாலாக் கடையிலிருந்து

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிறு வியாபாரம் தொடங்குகிற நம் ஆட்கள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, “அக்கா, எதில் விளம்பரம் போடலாம்?” என்றுதான். பேப்பரிலா, ரேடியோவிலா, ஃபேஸ்புக்கிலா என்று அடுக்குவார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: “போன மாதம் வாங்கியவர்களில் இந்த மாதம் திரும்பி வந்தது யார் யார்?” பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதில் கைக்கு வரும்வரை விளம்பரத்துக்கென்று ஒரு ரேண்ட் கூடக் கல்லாவிலிருந்து எடுக்க வேண்டாம் என்பேன். மார்க்கெட்டிங் திட்டம் என்பது இரண்டாவது தடவை வாங்குகிறவரிடமிருந்து தொடங்க வேண்டும். முதல் தடவை ஆசைக்கும் வாங்குவார்கள், தெரிந்தவர் கடை என்று முகத்துக்காகவும் வாங்குவார்கள். இரண்டாவது தடவை வருகிறவர்தான் உங்களிடம் என்ன நன்றாக இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பவர்.

நான் விருதுநகர்க்காரி. வத்தல் மண்டிக்கும் மல்லி மூட்டைக்கும் நடுவில் வளர்ந்தவள். கல்யாணமாகி, டர்பனில் நம் ஆட்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்துக்கு வந்தபோது மாமியார் அக்கம்பக்கத்துக்கு மசாலா அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைக் கடையாக்கி நடத்துகிறேன். அதனால் இங்கே சொல்லும் உதாரணமெல்லாம் மசாலாவாகத்தான் இருக்கும். தையல் கடை, டிபன் சர்வீஸ், கேக் ஆர்டர் எதுவாக இருந்தாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

முதலில் ஒரு நோட்டு

கடையில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு மாதத்துக்கு, வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: என்ன வாங்கினார், எதற்காக வாங்கினார், யார் சொல்லி வந்தார், புதியவரா பழையவரா, தேதி என்ன. விசாரணை மாதிரிக் கேட்கக் கூடாது. எடை போடும்போது பேச்சுவாக்கில் கேட்டால் தானாகச் சொல்வார்கள். “இது யாருக்கு? மகள் வீட்டுக்கா?” என்றால் போதும், பாதிக் குடும்பக் கதையே வந்துவிடும்.

சாட்ஸ்வர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வெள்ளி, சனிக்கிழமைகளில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு ஆன்ட்டி வருவார். கட்டிவைத்த பாக்கெட்டைத் தொடமாட்டார். திறந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் தேய்ப்பார். சிவப்பு கையில் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். அப்புறம் முகர்வார். “மீனுக்கா, மட்டனுக்கா?” என்பார். பதில் சொன்னதும் “போன தடவை வாங்கினேனே, அதேதானா?” என்று இன்னொரு கேள்வி வரும். இந்தக் கடைசிக் கேள்வியை நோட்டில் எழுதி அடியில் கோடு போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மருமகன் வரும்போது மீன்குழம்பு போன முறை வந்த அதே நிறத்தில், அதே ருசியில் வர வேண்டும், அந்த உத்தரவாதத்துக்குத்தான் அவர் காசு கொடுக்கிறார். அப்படியென்றால் என் மார்க்கெட்டிங்கில் முதல் வேலை, காஷ்மீரி வத்தலும் மல்லியும் வறுக்கும் பதமும் ஒவ்வொரு அரைவையிலும் ஒன்றாக இருக்கும்படி எழுதி வைப்பது. போஸ்டர் எல்லாம் அதற்குப் பிறகு.

மாத முடிவில் நோட்டை எடுத்து உட்காருங்கள். திரும்பி வந்தவர்களை மட்டும் தனியாக வட்டமிடுங்கள். அவர்கள் எந்தத் தெரு, எந்த வயது, எந்தப் பொருள் என்று பாருங்கள். உங்கள் வியாபாரம் நீங்கள் நினைத்த ஆட்களிடம் நடக்காமல், வேறு யாரிடமோ நடந்துகொண்டிருக்கலாம்.

யாருக்கு, யாருக்கு இல்லை

மசாலாவுக்கு டர்பனில் குறைந்தது மூன்று கூட்டம் உண்டு. ஒன்று, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் மாதாமாதம் வாங்குகிற இந்தியக் குடும்பங்கள். இரண்டு, கறித்தூள் போட்டுச் சமைக்கிற சூலு குடும்பங்களும், தெருவோரம் சாப்பாடு விற்கிறவர்களும். மூன்று, டிசம்பர் லீவுக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கடற்கரைக்கு வந்து, போகும்போது “டர்பன் மசாலா” வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறவர்களும், விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் நிறங்களைப் பார்த்துப் படமெடுக்கிற சுற்றுலாக்காரர்களும்.

மூன்று கூட்டத்துக்கும் பாக்கெட் அளவு வேறு, காரம் வேறு, விலை வேறு, பேச வேண்டிய பேச்சும் வேறு. மாத வாடிக்கைக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ. தெருவோரச் சாப்பாட்டுக்காரருக்கு ஐந்து கிலோ, நிறம் முக்கியம். சுற்றுலாக்காரருக்குச் சின்னப் பாக்கெட், பின்னால் சமையல் குறிப்பு. ஒரே ஆளும் ஒரே அரைவை மிஷினும் இருக்கிற கடை மூன்றையும் ஒரே சமயத்தில் பிடிக்கப் பார்த்தால் மூன்றிலும் அரைகுறையாக நிற்கும். ஒன்றை முதலாக வையுங்கள், இன்னொன்றைப் பருவத்துக்கு மட்டும் வையுங்கள், மூன்றாவதை இந்த வருஷத்துக்கு விட்டுவிடுங்கள். விட்டதையும் தாளில் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் பெரிய ஆர்டர் என்று ஆசை காட்டியதும் மனசு ஓடிவிடும். என் தாளில், முப்பது நாள் கடனுக்குக் கேட்கிற ஓட்டல்களுக்குச் சரக்கு இல்லை என்று எழுதியிருக்கிறேன். அது என் கொள்முதல் பணத்தை முடக்கிவிடும்.

மொழியையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. அந்த வழியில் வந்த குடும்பங்களில் இன்று பேரப்பிள்ளைகள் வீட்டிலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் பெரும்பாலானோரின் மொழி இசிசூலு, அதாவது சூலு மக்களின் மொழி. எனவே லேபிளில் விவரம் ஆங்கிலத்தில், சூலு குடும்பங்களை நம்பி விற்கிறீர்கள் என்றால் இசிசூலுவிலும். தமிழில் கடைப் பெயர் பெரிதாக இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் அந்த எழுத்தை அவ்வளவு பாசத்தோடு தடவிப் பார்க்கிறார்கள், அதை நான் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கமாட்டேன். ஆனால் எவ்வளவு போட வேண்டும், எப்போது அரைத்தது என்பதை வாங்குகிறவர் படிக்கிற மொழியில்தான் எழுத வேண்டும்.

இதெல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: யாருக்கு, என்ன தருகிறோம், பக்கத்துக் கடையில் கிடைக்காதது என்ன. என் வாக்கியம்: “வீட்டில் சமைக்கிற சாட்ஸ்வர்த் குடும்பங்களுக்கு, ஒவ்வொரு மாதமும் அதே நிறம், அதே காரம், அந்த வாரம் அரைத்தது.” இதில் “தரமான”, “சிறந்த”, “பாரம்பரியமான” போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். எல்லாக் கடையும் அதையே சொல்கிறது. அந்த வாரம் அரைத்தது என்றால் தேதி போட்டுக் காட்டலாம். காட்டிக்கொடுக்க முடிகிறதை மட்டும் சொல்லுங்கள்.

விலையும் ஒரு வாடிக்கையின் மதிப்பும்

பொருள், விலை, இடம், விளம்பரம் என்று நான்காகப் பிரித்துச் சொன்னவர் மார்க்கெட்டிங் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி, 1960-இல். அந்த நான்கில் நம் ஆட்கள் விலையைத்தான் பக்கத்துக் கடையைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கிலோ மசாலா 180 ரேண்ட் என்று வைப்போம். வாட் வரிக்குப் பதிவு செய்த கடை என்றால் அந்த 180-க்குள்ளேயே 15 சதவீத வரி இருக்கிறது. 180-ஐ 115-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 23.48 ரேண்ட். அது அரசாங்கத்துக்குப் போக வேண்டிய பணம், நம்முடையது இல்லை. மிச்சம் 156.52. வத்தல், மல்லி, அரைவை, பாக்கெட், லேபிள் எல்லாம் சேர்த்து 110 என்றால் கையில் நிற்பது 46.52. வாடகையும் கரண்டும் இதிலிருந்துதான்.

இப்போது பத்து சதவீதத் தள்ளுபடி கொடுப்போம். விலை 162. வரி போக 140.87. செலவு 110 போக 30.87. விலையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தோம், கையில் நிற்கிறதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பழைய பணத்தைப் பார்க்க ஒன்றரை மடங்கு விற்க வேண்டும். பிளாக் ஃப்ரைடே வருகிறது என்று நவம்பரில் எல்லோரும் குறைக்கும்போது நானும் குறைக்காததற்கு இந்தக் கணக்குதான் காரணம். தேங்கிப்போகும் சரக்கைத் தள்ள வேண்டும் என்றால் தள்ளுபடி சரி. மாதாமாதம் தானாக வருகிறவருக்குத் தள்ளுபடி தேவையில்லை. அவருக்கு ஐம்பது கிராம் புதுப்பொடி ஒன்று கையில் கொடுத்தால் சந்தோஷப்படுவார், அடுத்த மாதம் அதையும் கேட்பார்.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். ஒரு வீடு மாதம் அரைக் கிலோ வாங்கினால் வருஷத்துக்கு ஆறு கிலோ. 46.52-ஐ ஆறால் பெருக்கினால் ஏறக்குறைய 279 ரேண்ட். ஒரு நிலையான வாடிக்கையின் ஒரு வருஷ மதிப்பு இது. இந்த எண் தெரிந்துவிட்டால் விளம்பரம் விற்க வருகிறவரிடம் தைரியமாகப் பேசலாம். ஒரு விளம்பரத்துக்கு 2,000 ரேண்ட் கேட்கிறார்கள் என்று வையுங்கள். அதிலிருந்து எட்டு வீடுகள் வருஷம் முழுக்கத் தங்கினால் போட்ட காசு வரும். ஒரு தடவை அரைக் கிலோ வாங்கிவிட்டுப் போகிறவர்கள் என்றால் 86 பேர் வர வேண்டும். அதற்குப் பதிலாக, பாக்கெட்டோடு சேர்த்து 3 ரேண்ட் ஆகிற சாம்பிள் நூறு கொடுத்தால் செலவு 300 தான், இரண்டு வீடு நிலைத்தாலே ஈடாகிவிடும். சாம்பிள் கொடுக்கும்போது கூட ஒரு சீட்டு வேண்டும்: ஒரு கிலோ மீனுக்கு இவ்வளவு, புளி இவ்வளவு, தக்காளி இவ்வளவு. சீட்டு இல்லாமல் கொடுத்த சாம்பிள் டப்பாவில் கிடந்து வாசனை போய்விடும்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். தையல்காரர் என்றால் ஒரு வாடிக்கை வருஷத்துக்கு எத்தனை ரவிக்கை, டிபன் என்றால் மாதத்துக்கு எத்தனை நாள். அதைப் போட்டுப் பாருங்கள். இந்த ஒரு எண் இல்லாத திட்டத்தை நான் திட்டமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எப்போது: பணம் வரும் நாளும் விரத நாளும்

மாதத்துக்குள்ளேயே ஒரு ஓட்டம் இருக்கிறது. இங்கே பலருக்குச் சம்பளம் 25-ஆம் தேதியை ஒட்டி வரும். முதியோர் உதவித்தொகை மாதத் தொடக்கத்தில் வரும். ஆகவே 24-ஆம் தேதி அனுப்பும் செய்தியும் 14-ஆம் தேதி அனுப்பும் செய்தியும் ஒன்றாக இருக்கக் கூடாது. மாதக் கடைசியில் ஒரு கிலோ பாக்கெட்டை முன்னால் வைப்பேன். நடு மாதத்தில் நூறு கிராம், இருநூறு கிராம். ஜனவரி முழுக்கவே நடு மாதம் மாதிரித்தான் போகும். டிசம்பரில் செலவழித்துவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கும்போது யூனிஃபார்ம், ஃபீஸ் என்று நிற்பார்கள். அந்த மாதத்தில் புதுப்பொருள் எதையும் இறக்க வேண்டாம்.

அப்புறம் நம் நாள்காட்டி. தைப்பூசக் காவடிக்கு விரதம். ஈஸ்டரை ஒட்டி மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலுக்கு ஊரே போகும். ஆடியில் கூழ் பூசை, இங்கே அதைப் போரிட்ஜ் பிரேயர் என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அழைப்பு இருக்கும். புரட்டாசியில், அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, தமிழ்க் குடும்பங்களில் கறி, மீன் கிடையாது. மீன் மசாலா அப்படியே நிற்கும். அதே சமயம் செப்டம்பர் 24 பாரம்பரிய நாள், பொது விடுமுறை, நாடு முழுக்க பிராய் போட்டு இறைச்சி சுடுகிற நாள். ஒரே நாளில் ஒரு வாடிக்கை சாம்பார்ப் பொடி தேடுகிறார், பக்கத்து வீட்டுக்காரர் இறைச்சியில் தடவும் மசாலா தேடுகிறார். எல்லோருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிட்டால் விரதம் இருக்கும் பெரியம்மாவின் போனில் ஆட்டுத்தொடை படம் போய் விழும். நான் பெயர்களை இரண்டு பட்டியலாகப் பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தான். அடுத்து தீபாவளி. இங்கே அது பொது விடுமுறை இல்லை, எனவே பலகாரச் சாமான் வாங்குவதெல்லாம் அதற்கு முந்தைய சனி, ஞாயிறுகளில் நடந்து முடிந்துவிடும். டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் வண்டிகள்.

ஒரு தாளில் பன்னிரண்டு மாதமும் வரைந்து, ஒவ்வொன்றிலும் எது ஏறும், எது இறங்கும் என்று எழுதுங்கள். பிறகு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தீபாவளிக்கு வேண்டிய சரக்கு எப்போது வர வேண்டும், லேபிள் எப்போது அச்சுக்குப் போக வேண்டும், முதல் செய்தி எப்போது. என் தொழிலில் இந்தியாவின் புது வத்தல் பிப்ரவரியிலிருந்து மண்டிக்கு வரத் தொடங்கும். நாம் வாங்குவது டாலர் விலையில், விற்பது ரேண்டில். இரண்டுக்கும் நடுவில் கப்பல் இருக்கிறது. சரக்கு கையில் இல்லாமல் விளம்பரம் மட்டும் ஓடினால், வந்தவர் வெறுங்கையோடு போய்ப் பக்கத்துக் கடையில் பழகிவிடுவார்.

எங்கே, எப்படிச் சொல்வது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் மேலே உள்ளதைச் செய்தவருக்கு இது சுலபம். நோட்டில் “யார் சொல்லி வந்தார்” என்ற பத்தியைப் பாருங்கள். அதிகம் வந்த வழி எதுவோ அதில் முதலில் செலவழியுங்கள். வீட்டுச் சமையல் பொருளுக்கு அது பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் வாய். அவருக்கு நன்றி சொல்லுங்கள். புதியவர் வந்ததும் “அந்த ஆன்ட்டிதான் அனுப்பினார்” என்று தெரிந்தால், அடுத்த முறை அந்த ஆன்ட்டியிடம் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம். பொருள் பட்டியலை விலையோடு ஏற்றலாம், வாடிக்கைகளை லேபிள் போட்டுப் பிரிக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஆகவே கடையில் நிற்கும்போதே “என் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டுவிடுங்கள். கூகுள் மேப்பில் கடையை இலவசமாகப் பதிந்து, திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள். டிசம்பர் வண்டிகள் அதைப் பார்த்துத்தான் வருகின்றன. பேட்டைப் பத்திரிகை, லோட்டஸ் எஃப்எம் போன்றவை ஊர் முழுக்கப் பெயர் தெரிய உதவும். ஒரே தெருவை நம்பியிருக்கும் கடைக்கு முதல் வருஷத்தில் அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

சட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை, இங்கே பொப்பியா என்பார்கள், 2021 ஜூலை 1 முதல் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும். உங்களிடம் வாங்காத ஒருவருக்கு அவர் சம்மதம் இல்லாமல் எஸ்எம்எஸ், ஈமெயில் போன்ற வழிகளில் விற்பனைச் செய்தி அனுப்பக் கூடாது. சம்மதம் கேட்பதும் ஒரு தடவைதான். வாங்கிய வாடிக்கைக்கு, வாங்கும்போது அவரே கொடுத்த நம்பருக்கு, உங்களுடைய அதே மாதிரிப் பொருள்களைப் பற்றி அனுப்பலாம். ஒவ்வொரு செய்தியிலும் வேண்டாம் என்று சொல்ல இலவசமாக வழி இருக்க வேண்டும். கோயில் நன்கொடைப் பட்டியலிலிருந்து நம்பர்களை எடுத்து அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். சாமி காரியத்துக்குக் கொடுத்த நம்பர் அது.

நான் அனுப்பும் செய்தி இவ்வளவுதான், அதை ஆங்கிலத்தில் அனுப்புகிறேன்: “சனி காலை புதிதாக அரைத்த மீன் மசாலா. வேண்டியவர்கள் வெள்ளி மாலைக்குள் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன். செய்தி வேண்டாம் என்றால் ஸ்டாப் என்று அனுப்புங்கள்.” எப்போது, என்ன, எதற்குள் பதில். பூப்படமும் நல்வாழ்த்தும் கலக்க வேண்டாம்.

உணவுப் பொருள் விற்கிறவர்கள் சர்க்கரை நோயைக் குணமாக்கும், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று பாக்கெட்டில் எழுதக் கூடாது. மஞ்சளைப் பற்றி நமக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் லேபிளில் அதற்கு இடமில்லை.

தாளில் இருக்க வேண்டியவை

கடைசியில் எல்லாம் ஒரே தாளில் வந்து நிற்க வேண்டும். மேலே அந்த ஒரு வாக்கியம். கீழே யாருக்கு விற்கிறோம், யாருக்கு இல்லை. ஒரு வாடிக்கையின் வருஷ மதிப்பு. பன்னிரண்டு மாதப் பட்டை. இந்த மூன்று மாதத்துக்கு விளம்பரப் பணம் எவ்வளவு, அதை எந்த இரண்டு வழிகளில் போடுகிறோம். இரண்டுக்கு மேல் வேண்டாம், எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். தாளைக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டுங்கள், கடையில் உதவிக்கு நிற்கிற தங்கையும் படிக்கட்டும்.

மாதம் ஒரு தடவை மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள்: புதியவர்கள் எத்தனை, திரும்பி வந்தவர்கள் எத்தனை, விளம்பரத்துக்குப் போன பணம் எவ்வளவு. புதியவர்கள் ஏறி, திரும்பி வருபவர்கள் ஏறவில்லை என்றால் விளம்பரத்தை நிறுத்திவிட்டுப் பொருளைப் பாருங்கள். வராமல் போன இரண்டு மூன்று பேருக்குப் போன் செய்து, “ஆன்ட்டி, போன தடவை மசாலா எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். திரும்பி வருபவர்கள் நிலையாக இருந்து புதியவர்கள் வரவில்லை என்றால் சாம்பிளைக் கூட்டுங்கள், அடுத்த தெருவுக்குப் போங்கள். புரட்டாசி மாத எண்ணைச் சித்திரையோடு ஒப்பிட வேண்டாம், போன வருஷப் புரட்டாசியோடு ஒப்பிடுங்கள். போன வருஷ நோட்டு இல்லாதவர்கள் இந்த மாதமே எழுதத் தொடங்கலாம்.